கோடியில் ஒரு பங்கு செக்கனில் நசுங்கும் பிளாஸ்மாவும் அதன் எக்ஸ் கதிர்ப் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலையில் படித்து, பேராதனையில் பௌதிகவியல் முடித்து, இப்போது வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் எக்ஸ் கதிர்ப் படங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பல்ஸ்ட் பவர் என்ற முறையில் மிகப் பெரிய ஓட்டத்தைப் பாய்ச்சிப் பிளாஸ்மாவை, அதாவது அயனாகிவிட்ட சூடான பொருளை, நசுக்கும்போது அது ஒழுங்காக நசுங்காமல் குலைவதை, அதாவது உறுதியின்மையை, படமெடுத்துப் பார்ப்பதே என் வேலை. ஊருக்கு வரும்போது சொந்தக்காரர்கள் கேட்பதும், ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து உயர்தர மாணவர்கள் ஸூமில் கேட்பதும் கடைசியில் இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். கொள்ளளவியும் காந்தப்புலமும் படித்திருந்தால் போதும், மிச்சத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

1. அக்கா, பல்ஸ்ட் பவர்னா என்ன? கரண்டைச் சேர்த்து வச்சு ஒரே அடியா விடுறதுதானா?

அதுதான். ஆனால் அந்த 'ஒரே அடி'யில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. முதல் படி மார்க்ஸ் பிறப்பாக்கி. ஜேர்மனியின் எர்வின் மார்க்ஸ் 1924இல் கொண்டுவந்தது. கொள்ளளவிகளைச் சமாந்தரமாக வைத்து ஆறுதலாக மின்னேற்றுவார்கள். இடையிலுள்ள பொறி இடைவெளிகள் உடைந்து கடத்தத் தொடங்கியதும் எல்லாக் கொள்ளளவிகளும் தொடராகிவிடும், வோல்ற்றளவுகள் ஒன்றோடொன்று கூடும். சமாந்தரம், தொடர் என்று கணக்குப் போட்டு அலுத்துப்போனவர்களுக்கு அந்தக் கணக்கின் பெரிய பயன் இதுதான்.

அதிலிருந்து வரும் துடிப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோ செக்கன் நீளம். எங்களுக்கு அதுவும் மிக மெதுவு. அதனால் துடிப்பைத் தூய நீர் நிரப்பிய கொள்ளளவிகளுக்குள் அனுப்பி இன்னும் சுருக்குவார்கள். நீரின் சார் மின்னனுமதித்திறன் 80 அளவில் இருப்பதால் சிறிய இடத்தில் நிறையச் சக்தியை அடக்கலாம். அதிக வோல்ற்றளவை நீர் நீண்ட நேரம் தாங்காதுதான், ஆனால் இங்கே ஒரு மைக்ரோ செக்கன் தாங்கினால் போதும்.

இந்த வகையில் உலகின் மிக வலுவான கருவி அமெரிக்காவின் அல்புகர்கி நகரில், சாண்டியா தேசிய ஆய்வுகூடத்தில் இருக்கும் இசட் இயந்திரம். வட்டமாக அடுக்கிய 36 தொகுதிகள் ஒரே நேரத்தில் மையத்தில் வைத்த மெல்லிய கம்பிகளை அல்லது உலோகக் குழாயை நோக்கிச் சுடும். சுமார் 100 நனோ செக்கனில், அதாவது ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கில், ஓட்டம் 2.6 கோடி அம்பியர் வரை ஏறும். ஒரு சாதாரண மின்னலில் பாய்வது 30,000 அம்பியர் அளவு.

2. அவ்வளவு கரண்டுக்கு எங்க போறது? மேல் கொத்மலை முழுசையும் குடுத்தாலும் காணாதே?

தாராளமாகக் காணும். இசட் இயந்திரத்தின் கொள்ளளவிகளில் சேரும் சக்தி சுமார் 2.2 கோடி யூல். மின்சார பில் கணக்கில் அது 6 யுனிட். மேல் கொத்மலை நிலையம் முழு 150 மெகாவாற்றில் ஓடினால் அதை 0.15 செக்கனில் தந்துவிடும்.

சக்தி வேறு, வலு வேறு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவோம். இங்கே அந்த வரிதான் எல்லாம். அதே 6 யுனிட்டின் ஒரு பகுதியை 100 நனோ செக்கனில் இறக்கும்போது மின்வலு 80 ட்ரில்லியன் வாற்று அளவுக்குப் போகிறது. மேல் கொத்மலையைப்போல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் அந்தக் கணத்துக்கு மட்டும் ஓடுவதற்குச் சமன்.

3. அந்த ஓட்டம் பாஞ்சா கம்பி உருகிப் போயிராதா?

உருகி, ஆவியாகி, அயனாகி, பிளாஸ்மாவாகிவிடும். அதற்காகத்தான் பாய்ச்சுகிறோம். ஒரே திசையில் ஓட்டம் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும் என்று படித்திருப்பீர்கள். ஒரே கம்பிக்குள் ஓடும் ஓட்டத்தின் பகுதிகளும் அப்படியே கவர்ந்துகொள்ளும். ஓட்டம் போதுமான அளவு பெரிதென்றால் கம்பி தன் காந்தப்புலத்தாலேயே உள்நோக்கி நசுங்கும். இதற்குப் பெயர் பிஞ்ச்.

எவ்வளவு விசை? 3 மில்லிமீற்றர் ஆரையுள்ள குழாயில் 2 கோடி அம்பியர் பாய்ந்தால் மேற்பரப்பில் காந்தப்புலம் சுமார் 1,300 தெசுலா. அது தரும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 70 லட்சம் மடங்கு. உங்கள் சூத்திரங்களைக் கொண்டே போட்டுப் பாருங்கள், வரும்.

இதை முதலில் காட்டியது மின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மலையில் இடி இடிப்பது நமக்குப் பழக்கம், ஆனால் இது நடந்தது அவுஸ்திரேலியாவில். ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் இடிதாங்கியாக நின்ற ஒரு செப்புக் குழாய் மின்னல் விழுந்து சப்பளிந்துபோனது. ஓட்டத்தின் காந்த விசையே அதை நசுக்கியது என்று சிட்னி பல்கலைக்கழகத்தின் பொலொக்கும் பராக்ளோவும் 1905இல் விளக்கினார்கள்.

4. சரி, நசுங்குது. உறுதியின்மைனு சொல்றீங்களே, அது எங்க இருந்து வருது?

காந்தப்புலம் ஆரைக்கு நேர்மாறாக மாறும் என்பதிலிருந்தே வருகிறது. பிளாஸ்மாத் தூண் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் மெலிந்துவிட்டது என்று வையுங்கள். ஓட்டம் எங்கும் ஒன்றே, அங்கே ஆரை குறைவு, ஆகவே புலம் அதிகம். புலம் அதிகமானால் அமுக்கம் அதிகம், அந்த இடம் இன்னும் மெலியும். நிறுத்த ஆள் இல்லை. தூண் சொசேஜ் சரம்போல் கழுத்துக் கழுத்தாக ஆகிவிடும் என்பதால் சொசேஜ் உறுதியின்மை என்பார்கள். தூண் ஒரு பக்கம் வளைந்தாலும் இதே கதைதான். வளைவின் உட்புறத்தில் புலக்கோடுகள் நெருங்கும், அந்தப் பக்கம் அமுக்கம் கூடி வளைவை மேலும் தள்ளிவிடும். அது கிங்க்.

இப்போதைய பரிசோதனைகளில் முழுக் கம்பிக்குப் பதிலாக உலோகக் குழாயை அல்லது கம்பி வரிசையை உள்நோக்கி முடுக்குகிறோம். அங்கே முக்கிய எதிரி காந்த ரேலி-டெய்லர் உறுதியின்மை. அடர்த்தி கூடிய திரவம் மேலும் அடர்த்தி குறைந்தது கீழும் இருந்தால் இரண்டும் விரல் விரலாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அல்லவா? அது ரேலி-டெய்லர். குழாயில் கனமானது உலோகம், அதைத் தள்ளும் திணிவற்ற திரவம் காந்தப்புலம், ஈர்ப்பின் இடத்தில் முடுக்கம். குழாயின் வெளிமேற்பரப்பில் இருக்கும் மிகச் சிறிய மேடு பள்ளங்கூட அடுக்குக்குறி முறையில் வளரும். உள்ளே போய்ச் சேருவதற்குள் குழாய் கிழிந்தே போகலாம்.

5. உறுதியில்லாட்டி என்ன? நல்லா சூடானாப் போதும்தானே?

1958இல் பெரிய மனிதர்களே இப்படித்தான் நினைத்தார்கள். இங்கிலாந்தின் ஹார்வெலில் ஸீட்டா என்ற பிஞ்ச் கருவி இருந்தது. டியூட்டீரிய (பார ஐதரசன்) வாயுவில் ஓட்டம் பாய்ச்சியபோது நியூத்திரன்கள் வந்தன. நியூத்திரன் வந்தால் அணுக்கருச் சேர்க்கை நடந்திருக்க வேண்டும், அது நடந்தால் பிளாஸ்மா 50 லட்சம் பாகை அளவுக்குச் சூடாகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த ஆண்டு ஜனவரியில் உலகத்துக்கே அறிவித்தார்கள். சில மாதங்களில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உறுதியின்மை உண்டாக்கிய மின்புலங்கள் கொஞ்சம் அயன்களை மட்டும் வேகமாக உந்திவிட்டன, நியூத்திரன்கள் அவற்றிலிருந்து வந்தவை. பிளாஸ்மா முழுவதும் அவ்வளவு சூடாகவே இல்லை.

இந்தத் துறைக்குள் வரும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இது. வெளியே வந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து உள்ளே நடந்ததைத் தீர்மானிக்கக்கூடாது. உள்ளே என்ன வடிவம் இருந்தது என்று பார்த்தாக வேண்டும். அதனால்தான் படம்.

6. படம்னா ஒரு வேகமான கமரா வச்சா முடிஞ்சிருமே? எதுக்கு எக்ஸ் கதிர்?

பிளாஸ்மா தன் அடர்த்தியைப் பொறுத்து ஒளியை வளைக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளேயே விடாது. பச்சை லேசர் ஒளிக்கு அந்த எல்லை, ஒரு கன சென்ரிமீற்றரில் 10இன் 21ஆம் அடுக்கின் 4 மடங்கு இலத்திரன்கள். அதற்கு வெகு முன்பே கதிர்கள் வளைந்து படத்தைக் கெடுத்துவிடும். திண்ம உலோகத்தில் இலத்திரன் அடர்த்தி அந்த எல்லையைப்போல் பல பத்து மடங்கு. ஆகவே லேசர் நிழற்படம் வெளி ஓரத்து மெல்லிய பிளாஸ்மாவைக் காட்டும். நன்றாகவே காட்டும், நாங்களும் எடுக்கிறோம். ஆனால் திணிவின் பெரும்பகுதி இருக்கும் உள்பக்கம் தெரியாது.

பிளாஸ்மா தானே எக்ஸ் கதிரை உமிழும், அதை ஊசித்துளைக் கமராவில் பிடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதில் தெரிவது சூடான இடங்கள் மட்டும். சூடேறாத கனமான உலோகம் எங்கே நிற்கிறது என்று அறிய, பின்னாலிருந்து ஒரு எக்ஸ் கதிர் அடித்து நிழல் எடுக்கத்தான் வேண்டும்.

7. அதுக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே மெஷின் காணாதா அக்கா?

நேரத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் படத்துக்கு 10 மில்லி செக்கன் எடுத்தது என்று வைப்போம். உள்நோக்கி வரும் குழாயின் வேகம் செக்கனுக்கு 100 கிலோமீற்றர் வரை போகும். அந்த 10 மில்லி செக்கனில் அது ஒரு கிலோமீற்றர் போகும் கணக்கு. குழாயே சில மில்லிமீற்றர்தான்! ஒரு நனோ செக்கன் என்றாலும் 100 மைக்ரோமீற்றருக்குப் படம் கலங்கும். நாங்கள் தேடும் மேடு பள்ளங்களின் அளவே அவ்வளவுதான்.

அடுத்தது, மூலத்தின் அளவு. கரண்ட் போன இரவில் குப்பி விளக்கின் சுடருக்கு முன்னால் கையைப் பிடித்தால் சுவரில் விரல்கள் கூர்மையாகத் தெரியும். நீளமான டியூப் லைட்டுக்கு முன்னால் அதே கையின் நிழல் மங்கல். எக்ஸ் கதிரிலும் அப்படியே. ஆஸ்பத்திரிக் குழாயில் கதிர் கிளம்பும் புள்ளி ஒரு மில்லிமீற்றர் அளவு. எலும்பு முறிவு பார்க்கப் போதும், எங்களுக்கு மிகப் பெரிது.

ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறோம். படம் விழும் தகடு. எக்ஸ் கதிர் பட்ட தடத்தைச் சேமித்து வைத்து, பிறகு லேசரால் வாசித்தால் ஒளிரும் தகடுகள் மருத்துவத்துக்காக வந்தவை. நல்ல தகடு, மின்காந்த இரைச்சல் அதை ஒன்றும் செய்யாது.

8. அப்ப நீங்க பாவிக்கிற மூலம் எது?

இரண்டு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது எக்ஸ்-பிஞ்ச். மனித முடியைவிட மெல்லிய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உலோகக் கம்பிகளை எக்ஸ் எழுத்து வடிவில் ஒரு புள்ளியில் தொடும்படி வைத்து ஓட்டம் பாய்ச்ச வேண்டும். கம்பிகள் சந்திக்கும் இடத்தில் எல்லா ஓட்டமும் ஒன்று சேர்வதால் அங்கேதான் முதலில் நசுங்கும். 4ஆம் கேள்வியில் சொன்ன சொசேஜ் உறுதியின்மை அந்தக் கழுத்தைப் பிடித்து இன்னும் நெரிக்கும். கடைசியில் சில மைக்ரோமீற்றர், சில வேளை ஒரு மைக்ரோமீற்றர் அளவே உள்ள ஒரு புள்ளி, ஒரு நனோ செக்கனுக்கும் குறைவான நேரம் எக்ஸ் கதிரில் எரிந்து அணையும். சிறிய மூலம், குறுகிய நேரம் இரண்டும் ஒரே அடியில் கிடைக்கின்றன. எந்த உறுதியின்மையைப் படம் பிடிக்க அலைகிறோமோ அதே உறுதியின்மையை விளக்காகக் கொளுத்துகிறோம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

1980களின் தொடக்கத்தில் மொஸ்கோவின் லெபெதேவ் நிறுவனத்தில் பிறந்த யோசனை இது. பிறகு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நன்றாக வளர்ந்தது. குறையும் உண்டு. அந்தப் புள்ளி எந்த நனோ செக்கனில் எரியும் என்பதை முழுமையாகக் கட்டுப்படுத்த முடியாது. சில நனோ செக்கன் முன்பின் ஆகும், சில வேளை ஒன்றுக்கு இரண்டாக எரியும்.

இசட் இயந்திரத்தில் லேசர் வழி. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் வேறொரு பெரிய லேசருக்கு முன்மாதிரியாகக் கட்டியதைக் கொண்டுவந்து, இசட்-பீம்லெட் என்று பெயர் வைத்து ஓட்டுகிறார்கள். அது மாங்கனீசுத் தகட்டில் விழுந்தால் 6.151 கிலோ இலத்திரன்வோல்ற் சக்தியுள்ள எக்ஸ் கதிர் வரும். அந்த ஒரே சக்தியை மட்டும் தெறிக்கும் வளைந்த குவார்ட்ஸ் படிகம் படத்தைத் தகட்டில் குவிக்கும். படிகம் ஏன்? பிளாஸ்மாவே ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக எல்லாச் சக்தியிலும் எரிந்துகொண்டிருக்கும், அதை ஒதுக்காவிட்டால் நம் சின்ன விளக்கு தெரியவே தெரியாது.

9. ஒரு தடவைக்கு எத்தனை படம்? வீடியோவா வராதா?

மேலே சொன்ன படிக முறையில் இரண்டு படம். இசட் இயந்திரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு தடவைதான் சுடும், குழாய் தூளாகிவிடும். ஆகவே ஒரே மாதிரிக் குழாய்களைச் செய்து, ஒவ்வொரு முறையும் வேறு நேரத்தில் படம் எடுத்து வரிசைப்படுத்துவார்கள். பல படங்களை நனோ செக்கன் இடைவெளியில் எடுக்கும் இலத்திரனியல் எக்ஸ் கதிர்க் கமராக்களும் இப்போது வந்துவிட்டன.

10. நிழலைப் பாத்து எவ்வளவு வளந்திருக்குனு எப்படிக் கணக்குப் போடுவீங்க?

முதலில் வேண்டுமென்றே குழப்பத்தை விதைக்க வேண்டும். இசட் இயந்திரத்தில் அலுமினியக் குழாய்களின் வெளிப்புறத்தில் 400, 200 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள சைன் அலைகளைக் கடைந்து, நசுக்கி, அலையின் உயரம் நேரத்தோடு வளர்வதை அளந்தார்கள். 2010இல் வெளியான அந்த அளவீடுதான் கணினி மாதிரிகளுக்கு முதல் கடுமையான பரீட்சை. தொடக்கம் என்ன என்று தெரிந்தால்தான் வளர்ச்சி எவ்வளவு என்று சொல்ல முடியும்.

அலுமினியம் அந்த எக்ஸ் கதிரை முழுவதும் விழுங்கிவிடும், வெளிக்கோடு மட்டுமே தெரியும். பெரிலியம் இலேசான மூலகம், கதிர் ஊடுருவிப் போகும். எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்பதன் மடக்கையை எடுத்தால் வழியில் எவ்வளவு திணிவு இருந்தது என்று வரும். குழாயின் உள் சுவர் இன்னும் ஒழுங்காக இருக்கிறதா என்பதைக்கூடப் பெரிலியத்தில் பார்க்கலாம்.

சிக்கல் இதற்குப் பிறகு. நிழல் என்பது முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதை ஆரைவழி அடர்த்தியாக மாற்ற ஆபெல் நேர்மாறு என்ற கணித முறை உண்டு, ஆனால் பொருள் அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருந்தால்தான் அது செல்லும். உறுதியின்மையின் வேலையே அந்தச் சமச்சீரைக் கெடுப்பது! கடைந்த அலைகளுக்கு இந்த முறை பரவாயில்லை, தானாக முளைத்த கோணல்களுக்கு நம்பிக்கை குறைவு.

11. குழாயைக் கண்ணாடி மாதிரி மழமழனு செஞ்சா உறுதியின்மையே வராதுதானே?

எல்லாரும் எதிர்பார்த்தது அதைத்தான். ஓரளவுக்கு மேல் மழமழப்பாக்கியும் பலன் வரவில்லை. காரணம், மேடு பள்ளத்தை ஓட்டமே உண்டாக்குகிறது. உலோகம் சூடானால் தடை கூடும், கூடிய இடம் இன்னும் சூடாகும், ஓட்டத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாகச் சூட்டு வேறுபாடு வளரும். சூடான பட்டை விரியும், அது ரேலி-டெய்லருக்கு விதையாகும். இது மின்வெப்ப உறுதியின்மை. மேற்பரப்பில் சில பத்து மைக்ரோமீற்றர் தடிப்பில் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியபோது வளர்ச்சி நன்றாகவே குறைந்ததை எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டின. பூச்சு அந்தச் சூடான பட்டைகளை விரியவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறது.

12. படமும் கணினி சொன்னதும் பொருந்திட்டா அது நிரூபணம்தானே அக்கா?

இல்லை. கணினி மாதிரியில் தொடக்க மேடு பள்ளத்தை யாரோ ஒருவர் உள்ளிட வேண்டும். அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் பல தவறான மாதிரிகளும் ஒரு படத்தோடு பொருந்திவிடும். 10ஆம் கேள்வியில் சைன் அலையைக் கடைந்ததன் அருமை இதில்தான் தெரியும். அங்கே கூட்டிக் குறைக்க இடமே இல்லை.

படம் எல்லாரையும் மடக்கியதற்கு உதாரணம் 2013இல் வெளியானது. குழாயின் அச்சுவழியே முன்கூட்டியே 10 தெசுலா அளவு புலம் வைத்துப் பிறகு நசுக்கினார்கள். 3ஆம் கேள்வியில் பார்த்த 1,300 தெசுலாவுக்கு முன்னால் 10 என்பது ஒன்றுமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். படத்தில் வழக்கமாக வரும் வளையங்களுக்குப் பதிலாகச் சுருள் சுருளான கோடுகள் வந்தன. அவ்வளவு சிறிய புலம் உறுதியின்மையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. இப்படி ஒன்று வரும் என்று கணக்கில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை, படம் வந்த பிறகுதான் காரணம் தேடத் தொடங்கினார்கள்.

13. இதுல எப்பதான் வீட்டுக்குக் கரண்ட் வரும்?

கிட்டத்தில் வராது. சுருள் கோடுகள் வந்த அதே வழியில் மாக்லிஃப் என்ற அணுக்கருச் சேர்க்கைப் பரிசோதனை நடக்கிறது. பெரிலியக் குழாய்க்குள் டியூட்டீரியத்தை அடைத்து, காந்தப்புலம் வைத்து, லேசரால் முன்சூடாக்கி நசுக்குவார்கள். நல்ல தடவைகளில் 10இன் 13ஆம் அடுக்கு அளவில் நியூத்திரன்கள் வருகின்றன. ஸீட்டாவைப்போல் அல்லாமல் இவை உண்மையிலேயே சூடான பிளாஸ்மாவிலிருந்து வருபவை. ஆனால் சக்தியாகக் கணக்கிட்டால் பத்து யூல் அளவு. செலுத்தியது 6 யுனிட். மீதியை நீங்களே கழித்துப் பாருங்கள்.

14. இதெல்லாம் குண்டு செய்யத்தானே, பிள்ளை?

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் கேட்டது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், மாமா. சாண்டியா அமெரிக்க அணு ஆயுத ஆய்வுகூடங்களில் ஒன்று. அமெரிக்கா 1992க்குப் பிறகு அணுகுண்டு வெடித்துப் பரிசோதிக்கவில்லை, அதற்குப் பதிலாக இப்படிப்பட்ட கருவிகளில் பொருள்களைச் சோதிக்கிறது. இசட் இயந்திரத்துக்குப் பணம் வருவதன் முதற்காரணம் அது.

அதே கருவியில் சூரியனின் உட்புறச் சூட்டுக்கு இரும்பைக் கொண்டுபோய், அது எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அளந்து 2015இல் வெளியிட்டார்கள். கணக்குச் சொன்னதைவிட அதிகம் தடுத்தது, வானியலாளர்கள் இன்னும் அதோடு போராடுகிறார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாக்பை என்ற 14 லட்சம் அம்பியர் கருவி இருக்கிறது. வானியற் பாய்ச்சல்களை, அதாவது விண்பொருள்களிலிருந்து பீறிடும் பிளாஸ்மாத் தாரைகளை, சின்ன அளவில் உண்டாக்கிப் பார்ப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. எந்தக் கூடத்தில் சேர்வது என்பதை ஆளாளுக்கு யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நானும் யோசித்துத்தான் சேர்ந்தேன்.

15. சின்னதா வீட்டுல செஞ்சு பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பின் கொள்ளளவி ஆளைக் கொல்லும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொல்லும். பழைய கமரா ஃபிளாஷும் விளையாட்டுப் பொருள் இல்லை. பிஞ்ச் விசையைப் பார்க்க ஆசையென்றால் சமையலறை அலுமினியத் தாளில் இரண்டு மெல்லிய பட்டிகளை வெட்டி, அருகருகே தளர்வாகத் தொங்கவிட்டு, ஒரு டோர்ச் பற்றரியை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ஒரே திசை ஓட்டம் என்றால் பட்டிகள் ஒன்றையொன்று நோக்கி அசையும். பட்டி சுடும், உடனே எடுத்துவிடுங்கள்.

16. மலையகத்துல இருந்து இந்தத் துறைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?

உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். அப்புறம் பேராதனையோ வேறு பல்கலைக்கழகமோ, பௌதிகவியலைச் சிறப்பாகச் செய்யுங்கள். தமிழ் மொழியில் படித்துவிட்டுப் போனால் முதல் வருடம் ஆங்கிலத்தில் மூச்சுத் திணறும், அடுத்த வருடம் பழகிவிடும். மேற்படிப்புக்கு வெளியேதான் போக வேண்டியிருக்கும். பெரும்பாலான முனைவர் பட்ட இடங்களில் உதவித்தொகை கிடைக்கும், காசு கட்டிச் சேரச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

கருவி இல்லாமலே இப்போதே பழகக்கூடியது ஒன்று உண்டு. பைதன் நிரலில் ஒரு குழாயின் அடர்த்தியை எழுதி, அதன் எக்ஸ் கதிர் நிழலைக் கணக்கிட்டு, கொஞ்சம் இரைச்சல் சேர்த்து, 'பைஅபெல்' என்ற இலவச மென்பொருளால் திரும்ப அடர்த்தியை எடுத்துப் பாருங்கள். அச்சுக்கு அருகில் விடை தாறுமாறாக ஆடும். அது ஏன் என்று விளங்கப்படுத்தி எனக்கு எழுதுங்கள், உங்களோடு தனியாகப் பேச எனக்கு நிறைய இருக்கும்.